ஏழாம் நம்பர் ரூம்

ஜனவரி 2, திங்கள்

பனியன் கம்பெனிக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தனுப்பியிருக்கிறார். தடித்த அட்டை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பழைய டைரிகளில் என் மகள் சுகந்தி கோலம் போட்டுப் பழகினாள். இப்போது கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்தி. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லைனில் அஞ்சு ரூமில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள்தான். ஆனால் குடியிருப்பவர்களிடம் மனசு விட்டுப் பேசினால் மறுநாள் மோட்டார் சுவிட்சை அவர்களே போட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இதில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

இன்று ரூம் கேட்டு வந்தவர்கள் ஆறு பேர். இல்லை இல்லை என்று சொல்லி வாய் வலிக்கிறது.

ஜனவரி 6, வெள்ளி

டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்துக்குப் பெயர் வைத்துவிட்டாராம். "கமலாக்கா லைன் இறங்கு" என்று கத்துகிறார். என் முழுப்பெயர் கமலவேணி என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? பேப்பரில் இந்த இடத்துக்கு இன்னும் பெயரே கிடையாது, சர்வே நம்பர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் சோளக்காடு. மேற்கே சாயப்பட்டறைகள் வந்தன. ஓடைப் பள்ளத்தில் சாயத்தண்ணீர் ஓடியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் முதலில் மஞ்சளாகி, அப்புறம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. தென்னை பட்டுப்போனது. மாட்டை விற்றோம். என் வீட்டுக்காரர் காமாலையில் போய்ச் சேர்ந்தார். காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டத்தை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, தேனிப் பக்கத்து ஆள் ஒருத்தர், "இத வாடகைக்குக் குடுப்பீகளா?" என்று கேட்டார். மாடு இருந்த இடம் என்றேன். பரவாயில்லை என்றார். நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டு ரூம் ஆக்கினேன். அதுதான் ஆரம்பம்.

என்னைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புகையிலைக் கிட்டங்கியைப் பன்னிரண்டு ரூமாகத் தடுத்தார். ஆள் சேர்ந்ததும் டீக்கடை வந்தது. டீக்கடைக்குப் பின்னால் மெஸ், எஸ்டிடி பூத், மளிகைக்கடை. வடக்கே இருந்த களத்தில்கூட இப்போது ஒரு லைன் நிற்கிறது. ரோடும் சாக்கடையும்தான் பாக்கி. அதெல்லாம் ஆள் வந்தபிறகு தானே வருமாம், பஞ்சாயத்துத் தலைவர் சொல்கிறார்.

ஜனவரி 19, வியாழன்

பொங்கலுக்கு ஊருக்குப் போன கூட்டம் திரும்பிவிட்டது. போனது ஒரு ஆள் என்றால் வந்தது மூன்று ஆள். தம்பி, மச்சினன், சித்தப்பா மகன் என்று கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். கம்பெனியில் வேலை இருக்கிறது. படுக்க இடம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்களாம். நாலாம் ரூமில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் அதே பாயில் நைட் ஷிப்டுக்காரன் படுக்கிறான். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

இன்னும் இரண்டு ரூம் கட்டலாம். ஒன்றுக்கு இடம் இருக்கிறது. இன்னொன்றுக்குக் கிணறு இருக்கிற இடம்தான்.

ஜனவரி 22, ஞாயிறு

மேஸ்திரி மாரப்பன் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். பத்தடி வட்டம், நாற்பத்தைந்து அடி ஆழம். அதை மூடுவதற்குக் கிராவல் மண் எப்போது வரும் என்று கேட்டேன்.

"லாரி பூராவும் புக்கிங்குங்க அம்மிணி. ஊரே கட்டடம் கட்டுதுங்க. ரெண்டு மாசம் ஆகுமுங்க."

"ரெண்டு மாசமுங்களா? அதுக்குள்ள வந்த ஆளுக போயிருவாங்களேண்ணா."

"இன்னொரு வழி இருக்குதுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று.

ஜனவரி 29, ஞாயிறு

கிணறு வேலை முடிந்தது. நாலு நாள், முப்பது டிராக்டர். மேலே ஒரு சாண் செம்மண். என்னென்ன வந்தது என்று எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

மூடும்முன் கற்பூரம் கொளுத்தினேன். அவர் ஆள் வைத்து வெட்டிய கிணறு. நல்ல தண்ணீராக இருந்தால் மூடியிருப்பேனா?

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆறும் ஏழும் எழுந்துவிட்டன. ஹாலோபிளாக் சுவர், சிமெண்ட் அட்டைக் கூரை. பூச்சு காயவே இல்லை, ஆறாம் ரூமுக்குப் பையன்கள் நாலு பேர் வந்தாயிற்று.

ஏழுக்கு ஒரு ஜோடி. உசிலம்பட்டிப் பக்கம். அவன் வீரணன், பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். அவள் ஒச்சம்மா, செக்கிங் வேலை. அதாவது தைத்து வந்த துணியைப் பார்த்துப் பார்த்துப் பழுதைத் தள்ளுகிற வேலை. கல்யாணமாகி ஆறு மாதம், பிள்ளை உண்டாகி இரண்டு மாதம். இதுவரை சொந்தக்காரர் ரூமில் ஏழு பேரோடு எட்டாவது ஒன்பதாவதாகப் படுத்திருக்கிறார்கள். அவன் வாசலில், அவள் உள்ளே.

பால் காய்ச்சினாள். எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்து, "எங்க கொலசாமி மாதிரி நீங்க வந்து நின்னீகக்கா" என்றாள். பாலில் சர்க்கரை அதிகம். குடிக்க முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் குடித்தேன்.

மார்ச் 9, வியாழன்

போர்வெல் மோட்டார் ரிப்பேர், தொட்டியில் இருக்கிற தண்ணீர்தான். எல்லாருக்கும் மூன்று குடம்தான் என்று சொல்லிவிட்டேன். ஏழாம் ரூமுக்கு மட்டும் அஞ்சு விட்டேன். மாசமாக இருக்கிற பெண். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஏப்ரல் 17, திங்கள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது என் லைனில் சட்டம். ஏழாம் ரூமில் பெரிய முருகன் காலண்டர் ஒன்று ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். வழக்கமாக நான் போடுகிற சத்தம் டீக்கடை வரை கேட்கும். இன்று ஒன்றும் சொல்லவில்லை. காலண்டருக்கு மேலே அரையடிக்கு ஒரு கீறல் நீட்டிக்கொண்டிருந்தது.

ஒச்சம்மா என் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். முந்திக்கொண்டு நானே சொன்னேன்.

"புதுச் செவுருல்ல அம்மிணி, வெயிலுக்குக் கீறத்தான் செய்யும். சுண்ணாம்பு அடிச்சாப் போயிரும்."

"ஆமாக்கா, அது ஒண்ணுமில்லக்கா" என்று அவளும் வேகமாகச் சொன்னாள். வெள்ளந்திப் பெண்.

மே 14, ஞாயிறு

கோடை மழை. இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தது. மதியம் அவர்கள் கடைக்குப் போயிருந்தபோது ஏழாம் ரூம் ஜன்னல் வழியே பார்த்தேன். கூரை ஒழுகின தண்ணீர் வாசல் பக்கம் ஓடாமல் நடுவில் போய்த் தேங்கி நிற்கிறது. பகலிலும் பாயைச் சுருட்டாமல் விரித்தபடியே போட்டிருக்கிறார்கள், அதுவும் நனைந்து கிடக்கிறது. சோம்பல்.

இல்லை. சோம்பலைப் பற்றி எழுத நான் இந்த டைரியைத் திறக்கவில்லை. எழுதிவிடுகிறேன். கிணற்றில் போட்டது மண் இல்லை. கம்பெனி வேஸ்ட். கறை பட்டது, சாயம் தப்பியது, எலாஸ்டிக் துண்டு, நூல் குப்பை, யாரும் காசு கொடுத்து வாங்காத கழிவு. பள்ளத்தில் கொட்டினால் பஞ்சாயத்தில் சண்டை வருகிறது என்று கம்பெனியே டிராக்டர் வைத்துக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. நாற்பது அடிக்குத் துணி. அதன் மேல் மண், மண் மேல் உடைத்த செங்கல், அதன் மேல் ஒரு சிமெண்ட் பூச்சு. அதன் மேல் அவர்கள் படுத்திருக்கிறார்கள்.

மே 16, செவ்வாய்

மாரப்பனைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் வெளியே நின்றே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"செவுரு கெணத்துக் கட்டுக்கு வெளிய நிக்குதுங்க. அது எங்கீம் போகாதுங்க. தரைதான் கொஞ்சம் அமுங்குது. துணியில்லீங்களா, நனைஞ்சா ஒக்காரத்தான் செய்யும்."

"எவ்வளவு ஒக்காரும்ணா?"

"ரெண்டு மழை தாண்டீட்டா நின்னுருமுங்க."

"நிக்கலீனா?"

அவர் பீடியைப் பற்ற வைத்தார். "அம்மிணி, நீங்கதானுங்க அவசரம்னு சொன்னீங்க" என்றார். அது உண்மை. கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் வரவில்லை.

ஜூன் 21, புதன்

ஏழாம் ரூம் கதவின் அடிப்பக்கம் புதிதாகச் சீவியிருக்கிறது. மரத்தூள் வாசலில் கிடந்தது. தரை நடுவில் அமுங்க, வாசல் ஓரம் தூக்கிக் கதவில் இடித்திருக்கும். வீரணன் என்னிடம் கேட்காமல் எங்கேயோ இழைப்புளி வாங்கி வந்து தானே சீவியிருக்கிறான். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கேட்காததற்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். இந்த மாதிரி ஒரு நன்றி சொல்லும்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

ஜூலை 13, வியாழன்

ஒச்சம்மாவுக்கு ஏழாம் மாதம். அம்மா இல்லை, அண்ணி ஊருக்குக் கூப்பிடவில்லை. நானே அஞ்சு வகைச் சோறு ஆக்கி, வளையல் வாங்கிப் போட்டேன். லைன் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். மூன்றாம் ரூம்காரி, "எங்களுக்கெல்லாம் ஒரு வளையல்கூட இல்லீங்களாக்கா?" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நல்லவள் என்று பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். மழைக் காலத்துக்குள் அவர்களைக் காலி பண்ண வைக்க வேண்டும். காரணத்தைச் சொன்னால் லைனே காலியாகும், ஊரெல்லாம் பேசும், போலீஸ் வரைக்கும் போகும். அதனால் வேறு காரணம் சொன்னேன். சுகந்தியின் மாமியார் வீட்டு ஆள் ஒருத்தருக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது, ரூம் வேண்டும் என்றேன்.

வீரணன் முகம் செத்துப்போயிற்று. "எதும் தப்புப் பண்ணிட்டமாக்கா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. சம்பந்தி ஊட்டு ஆளுக கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஒச்சம்மா அவனையே பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். என்னவோ ரகசியம் பிடிபட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் காலைத் தொட வந்தாள். பின்னால் நகர்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இரண்டு ஞாயிறு தேடியும் ரூம் கிடைக்கவில்லை. மாசமான பெண் என்று பார்த்ததும், பிள்ளை பிறந்தால் தண்ணீர் செலவு அதிகம் என்கிறார்களாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். போன வருடம் நானும் ஒரு பெண்ணிடம் அதையேதான் சொன்னேன்.

லைனில் என்னைப் பற்றி வேறு பேச்சு ஓடுகிறது. வாடகையைக் கூட்டத்தான் அவர்களை விரட்டுகிறேன் என்று நாலாம் ரூமில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மாவு அரைக்க வந்த ஒச்சம்மா, கூடத்தை ஒட்டின அறையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த ரூமு பூட்டியே கெடக்கேக்கா, யாரும் வருவாகளா?"

"அது சாமான் ரூமு அம்மிணி. சுகந்தி வந்தாப் படுக்கணுமல்ல."

"ஆமாக்கா, மக வந்தா வேணும்ல" என்று தலையாட்டினாள்.

சுகந்தி வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். வந்தால் படுக்க இடம் வேண்டாமா? அதில் பீரோ, கட்டில், சீர்ப் பாத்திரம் எல்லாம் இருக்கிறது. எடுத்து வைக்க வேறு இடம் கிடையாது. வீட்டோடு ஒருத்தருக்குக் கொடுத்தால் அப்புறம் வீடு வீடாக இருக்குமா?

இன்று எழுதினது போதும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சம்பந்தி வீட்டு ஆள் வரவில்லை, நீங்களே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒச்சம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள். அதைப் பார்க்க முடியாமல் மோட்டார் போடப் போய்விட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஒச்சம்மாவுக்குப் பெண் குழந்தை. நேற்றுப் பிறந்தது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுபோனேன். சுருக்கம் விழுந்த சின்ன நெற்றி, என் கைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வீரணன் செவிலியருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

"ரூமுக்கு எப்ப அனுப்புவாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கே போகலாம்னுட்டாகக்கா. சொந்த ரூமு இருக்குல்ல, இனி என்ன?" என்றாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

தொட்டில் கட்டியிருக்கிறார்கள். ரூம் நடுவில் கட்டுவதுதானே வழக்கம்? இவர்கள் ஒரு மூலையில், சுவரோடு ஒட்டினாற்போல் கட்டியிருக்கிறார்கள். ஆட்டினால் சுவரில் இடிக்கும். நடுவிலே கட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். நல்லவேளை என்று நினைத்ததை நினைத்து எனக்கே ஆகவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

மழை.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை.

அக்டோபர் 20, வெள்ளி

தீபாவளி போனஸ் போட்டாயிற்று. எல்லா ரூமும் பூட்டு. சிறப்பு பஸ்ஸில் ஏறி எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்கு இந்த இடமே சுடுகாடு மாதிரி இருக்கும், மெஸ்கூட மூடிவிட்டார்கள். குழந்தைக்கு இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை என்று ஏழாம் ரூமில் மட்டும் ஆள். மழை விடவில்லை. இன்று ஏழாம் ரூம் வாசலைத் தாண்டும்போது நாற்றம் அடித்தது. ஊறின துணியின் புழுக்க நாற்றம்.

அக்டோபர் 21, சனி

காலையில் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு நேராக ஏழாம் ரூமுக்குப் போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிடுவேனோ என்று பயந்து, வாசலில் நின்றபடியே "ஒச்சம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். வீரணன் கம்பெனிக்குக் கணக்கு முடிக்கப் போயிருந்தான். அவள் மூலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அந்தப் பாய் விரித்தபடி கிடந்தது. நான் சுவர் ஓரமாக நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சொன்னேன். கிணறு, வேஸ்ட், மாரப்பன், நான் டீ குடித்தது, சுண்ணாம்பு அடித்தால் போகும் என்று சொன்னது, சம்பந்தி ஆள் என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் காறித் துப்புவாள், அடிக்கக்கூட வருவாள் என்று இருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் போனேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அப்புறம் காலால் பாயை ஒதுக்கினாள்.

நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குத் தரை இறங்கியிருந்தது. வெடிப்பில் ஒரு கை போகும். உள்ளே ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று துணி தெரிந்தது.

"ஏப்ரல் மாசமே தெரியும்க்கா" என்றாள். "கூட்டுறப்ப இந்த ஆரஞ்சு எலாஸ்டிக்கு வந்துச்சு. இது எங்க கம்பெனி மாலு. நாந்தான் செக்கிங்குல தள்ளிவிட்டேன். இங்க எப்பிடிடா வந்துச்சுன்னு டீக்கடையில விசாரிச்சேன். இங்கன ஒரு கெணறு இருந்துச்சுன்னாக."

"தெரிஞ்சுமா இருந்தே?" என்றேன்.

"தரை அமுங்குறது உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம்க்கா. தெரிஞ்சா, ரூமு ஆபத்துன்னு காலி பண்ணச் சொல்லிருவீக. அதான் காலண்டர மாட்டுனோம். பாய எடுக்காமப் போட்டோம். கதவ அவரே சீவுனாரு. நீங்க வாரப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிரும். சம்பந்தி ஆளுன்னு நீங்க சொன்னப்பகூட, கண்டுபிடிச்சிட்டீகன்னுதான் நெனச்சோம்."

"புள்ளைய வச்சுக்கிட்டா? கண்ணு, புள்ளைய வச்சுக்கிட்டா?"

"ஓரமாத்தானக்கா படுக்கோம். நான் ஒரு மூலை, அவரு ஒரு மூலை. நடுவுல காலு வைக்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்பயும் காலி பண்ணத்தான் சொல்றீகளாக்கா?" என்று கேட்டாள்.

மாதக்கணக்கில் ஒரே குழியை நான் அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன், அவள் எனக்குத் தெரியாமல் மறைத்தாள். நான் மறைத்தது எனக்காக. அவளும் அவளுக்காகத்தான் மறைத்தாள் என்று எழுதிச் சமாளிக்கலாம். முடியாது. அவளுக்குப் போக இடமில்லை. எனக்குப் பூட்டி வைக்க அறை இருந்தது.

குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்தேன். "சாமானெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். மொதல்ல வா" என்றேன். மழையில் முந்தானையை அதன் தலைக்குப் போட்டு என் வீட்டுக்கு வந்தோம். பீரோ இருந்த அறையின் சாவி சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. திறக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவுதான் ஆயிற்று.

சுகந்தியின் கட்டிலில் குழந்தையைப் போட்டேன்.

அக்டோபர் 23, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்த வீரணன்தான் முதலில் பார்த்தான். ஏழாம் ரூம் தரை நடுவில் இல்லை. கிணற்று வட்டம் அப்படியே திறந்திருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே உள்ளே இறங்கிப்போய், சிமெண்ட் பாளமும் துணியும் தண்ணீருமாகக் கலங்கிக் கிடக்கிறது. அடுப்பு, குடம் எல்லாம் உள்ளே. தொட்டில் கட்டின மூலை மட்டும் நிற்கிறது. அதுவும் தொட்டவுடன் பொலபொலவென்று உதிர்கிறது.

மூன்று பேரும் வாசலில் நின்றோம். வீரணன் என் முகத்தைப் பார்க்காமல், "பலகாரம் ஆறிப்போகுதுக்கா, வாங்க" என்றான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இன்று கொஞ்சமாவது சாப்பிட்டிருப்பேன்.

அக்டோபர் 27, வெள்ளி

ஊருக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் நானே குழியைக் காட்டி, நானே சொல்கிறேன். ஆறாம் ரூம் பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ரூமுக்குக் கீழ மண்ணுதானக்கா?" என்றார்கள். மண்தான் என்றேன். சரி என்று பையை உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தரும் காலி பண்ணவில்லை. காலி பண்ணுவார்கள் என்று பயந்துதான் நான் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாரப்பன் வந்தார். இந்தத் தடவை கிராவல்தான் என்றேன், எத்தனை மாதம் ஆனாலும் சரி என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அக்டோபர் 29, ஞாயிறு

சாயங்காலம் ஒரு ஜோடி வந்தது. தகரப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் குடம். போடி பக்கமாம். மெஸ்ஸில் யாரோ ஏழாம் ரூம் காலி என்று சொல்லியிருக்கிறார்கள். காலி இல்லை, கிணறு என்று சொல்லி, கூட்டிப் போய்க் காட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்றால்,

"இந்தப் பக்கம் ரெண்டடி தரை நிக்குதேக்கா. நாங்க ரெண்டு பேருதான். ஓரமாப் படுத்துக்கிறோம்."

கூடாது, போங்கள் என்று சத்தம் போட்டேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். இல்லை, வேறு ரூமும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் போகவில்லை. ஒச்சம்மா குழந்தையை தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அடுப்படி ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் கேட்டது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"போயிறாதீக. இங்கனயே நின்னு கேளுங்க. அக்கா மொதல்ல இல்லைன்னுதான் சொல்லும். மனசு கேக்காது அதுக்கு, கூப்புட்டுரும்."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். டிவி, இரண்டு நாற்காலி, தையல் மெஷின். ஒதுக்கி வைத்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அது எனக்குத் தெரியும். ஒச்சம்மாவுக்கும் தெரியும், தினமும் கூட்டிப் பெருக்குகிறாளே.

குழம்பு கொதித்தது. இறக்கி வைத்தேன். அரிசியைக் களைந்தேன். மூன்று பேருக்கா, அஞ்சு பேருக்கா என்று கை ஒருதரம் நின்றது. மூன்று பேருக்குத்தான் போட்டேன். வெளியே போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒச்சம்மா உள்ளே வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போயிட்டாகக்கா" என்றாள்.

"ம்" என்றேன்.